கீறலும் கிளியர்கோட்டும்: டெல்லித் தூசியில் மோட்டார்சைக்கிள் பூச்சு

டெல்லி கரோல்பாகின் நயிவாலா கலியில் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் டேங்க்கில் வெயில் படும்போது தெரியும் மெல்லிய கோடுகளைக் காட்டினால், அரை மணி நேரத்தில் போய்விடும் என்று உடனே உறுதி தருவார்கள். அந்த உறுதியில் பொய் இல்லை. காம்பவுண்ட் தடவி, பஃபிங் மெஷின் பிடித்து, துணியால் துடைத்துக் காட்டும்போது கோடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை எங்கே போயின, அவற்றோடு சேர்ந்து என்ன போனது, எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதை வண்டிக்காரரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. ஒரு காலத்தில் அரசு வேலைக்கு வந்த தமிழர்கள் கூட்டமாகக் குடியிருந்த பேட்டை கரோல்பாக். அவர்களின் பிள்ளைகள் ஆர்.கே.புரம், முனிர்க்கா, மயூர் விஹார் என்று பரவிவிட்டார்கள். வண்டி வேலை என்றால் இன்றும் பலர் இந்தச் சந்துக்கே வருகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பரிசீலனை.

இன்றைய மோட்டார்சைக்கிள் டேங்க்கின் மேல் இருப்பது ஒற்றைப் பெயிண்ட் அல்ல. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ்கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கண்ணாடி போன்ற கிளியர்கோட். அத்தனையும் சேர்ந்தால் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர்கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் வரை. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். பளபளப்பு, நிறத்தின் ஆழம், மழைக்கும் வெயிலுக்கும் எதிரான காப்பு ஆகிய எல்லாமே முடியைவிட மெல்லிய இந்த ஏட்டை நம்பித்தான் இருக்கின்றன.

மெல்லிய கீறல் என்று நாம் சொல்வது இந்த ஏட்டின் மேல்பரப்பில் சில மைக்ரான் ஆழத்துக்குள் நிற்பவை. நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தால் தட்டாது. நகம் தட்டினால் கீறல் ஆழமானது. அதை எந்தப் பாலிஷும் முழுதாக எடுக்காது, எடுக்க முயல்வதும் தவறு. வெள்ளை நிறத்தில் பிரைமரோ, சாம்பல் நிறத்தில் தகடோ தெரிந்தால் பாலிஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே டச்சப் வைத்துத் துருவைத் தடுப்பதுதான் முதல் வேலை.

மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாக, சூரியப் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போலத் தெரிவதால் யாரோ வட்டமாகத் தேய்த்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கோடுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடப்பவை மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புகின்றன. அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. தலையை அசைத்தால் வட்டமும் நகர்வது அதனால்தான். கறுப்பு டேங்க்கில் இது அதிகமாகத் தெரிகிறது, வெள்ளியிலும் வெள்ளையிலும் அவ்வளவாகத் தெரிவதில்லை. கறுப்பு வண்டியின் கிளியர்கோட் மட்டும் மட்டமானது என்று பொருளல்ல. எல்லா நிறத்திலும் அதே கீறல் இருக்கிறது. கறுப்பின் பின்னணியில் சிதறிய ஒளி எடுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

கீறல் ஒரு பள்ளம். அதை இல்லாமல் ஆக்க இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, பள்ளத்தை எதையாவது கொண்டு நிரப்பி ஒளி சிதறாமல் செய்வது. மற்றது, வயலில் பள்ளத்தை மூட மண் கிடைக்காதவர் சுற்றியுள்ள மேட்டை வெட்டிச் சமன்படுத்துவதுபோல, சுற்றியுள்ள கிளியர்கோட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குவது. கடைகளில் விற்கும் எல்லாப் புட்டிகளும் எல்லா மெஷின்களும் இந்த இரண்டில் ஒன்றையோ, இரண்டின் கலவையையோ செய்பவைதான். இரண்டாவது வழியில் பளபளப்பு உண்மையானது, நிலைப்பது. ஆனால் போன கிளியர்கோட் திரும்பி வராது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் அந்த ஏட்டுக்குள்தான் கலந்திருக்கின்றன. ஏடு மெலிந்தால் வெயில் பேஸ்கோட்டை எட்டும், நிறம் வெளுக்கும், கடைசியில் கிளியர்கோட் பாம்புச் சட்டை போல உரியும். வண்டியின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் தேய்த்து எடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. காம்பவுண்டும் பாலிஷும் சேர்ந்த ஒருமுறை வேலையிலேயே ஒன்றிலிருந்து மூன்று மைக்ரான் வரை போகக்கூடும். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் வண்டியை ரப்பிங் செய்யக் கொடுப்பவர் சில ஆண்டுகளிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார்.

ஆகவே எப்படி நீக்குவது என்பதற்கு முன்னால், டெல்லியில் இவ்வளவு கீறல் ஏன் விழுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஐ.ஐ.டி. கான்பூர் 2016ல் டெல்லி அரசுக்குக் கொடுத்த காற்று மாசு அறிக்கை, நகரின் பி.எம்.10 துகள்களில் 56 சதவீதம் சாலைத் தூசியிலிருந்து வருவதாகக் கணக்கிட்டது. நுரையீரலைப் பற்றிய கணக்கு அது. ஆனால் அதே தூசிதான் இரவெல்லாம் டேங்க்கின் மேலும் படிகிறது. மே, ஜூனில் ராஜஸ்தான் பக்கமிருந்து வீசும் ஆந்தி என்ற புழுதிக்காற்றும் அதோடு சேர்கிறது. இந்தத் தூசியில் குவார்ட்ஸ் மணல் நிறைய. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. இரும்புக் கத்தியையே கீறும். பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த கிளியர்கோட் அதன் முன் எம்மாத்திரம்.

தூசி படிவதால் கீறல் விழுவதில்லை. படிந்த தூசியின் மேல் துணியை ஓட்டுவதால் விழுகிறது. டெல்லியில் காலையில் வண்டிக்குக் கபடா மாருவது, அதாவது துணியால் துடைப்பது, பல் துலக்குவதைப் போன்ற பழக்கம். சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் துணியோ பழைய பனியன் துணியோ இருக்கும். எடுத்து, உதறி, டேங்க்கை நாலு இழுப்பு இழுத்துவிட்டு, அதை மறுபடி அங்கேயே திணித்து வைப்பார்கள். நேற்றைய மணல் அந்தத் துணியிலேயே இருக்கிறது. இன்றைய மணல் டேங்க்கில் இருக்கிறது. காலனிகளில் மாதச் சம்பளத்துக்கு வண்டி துடைப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். ஒரே வாளி, ஒரே துணி, வரிசையாக எல்லா வண்டியும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விடிவதற்குள் அத்தனை வண்டியையும் முடித்தாக வேண்டும், தண்ணீரும் அவ்வளவுதான் கிடைக்கிறது. புது வண்டியின் டேங்க் முதல் குளிர்காலத்துக்குள் வலை விழுந்துபோவதற்கு விபத்து தேவையில்லை, இந்தத் துணி போதும்.

மோட்டார்சைக்கிளுக்கே உரிய வேறு காரணங்களும் உண்டு. ஓட்டுபவரின் பெல்ட் பக்கிளும் ஜாக்கெட் ஜிப்பும் டேங்க்கின் பின்முனையில் ஓயாமல் உரசும். சாவிக்கொத்து ஆடி ஆடி ஹேண்டில் பக்கத்துப் பூச்சைத் தின்னும். பெட்ரோல் மூடியைச் சுற்றிப் பார்த்தால் பங்க் நாசில் பட்ட கோடுகள் பிறை வடிவில் இருக்கும். மெட்ரோ ஸ்டேஷன் பார்க்கிங்கில் வண்டிகளை இழுத்து இழுத்து நெருக்கி நிறுத்தும்போது பக்கத்து வண்டியின் பிரேக் லீவர் டேங்க்கில் கோடு போடும். பாதுகாப்புக்கு என்று வாங்கும் நைலான் கவரும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததுதான். தூசி படிந்த வண்டியின் மேல் கவரைப் போட்டால், காற்றடிக்கும்போதெல்லாம் அது உப்புத்தாளாக மாறிவிடும்.

தண்ணீரும் ஒரு காரணம். துவாரகா, நஜஃப்கர் போன்ற தென்மேற்குப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பு நீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்து, வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்பு வட்டங்கள் படியும். அவற்றை எடுக்கத்தான் பலர் அழுத்தித் தேய்க்கிறார்கள், கீறல் விழுகிறது. டெல்லி வீடுகளில் ஆர்.ஓ. கழிவு நீரைப் பிடித்து வைத்து வண்டி கழுவும் வழக்கம் உண்டு. தண்ணீரைச் சேமிக்கும் எண்ணம் பாராட்டத்தக்கது. ஆனால் அந்த நீரில்தான் உப்பு செறிந்திருக்கிறது. தரை துடைக்க அது போதும், டேங்க்குக்கு வேண்டாம். படிந்துவிட்ட வட்டங்களுக்கு வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துச் சிறிது நேரம் போர்த்திவைத்து, பிறகு நன்றாகக் கழுவினால் பெரும்பாலும் கரைந்துவிடும். தேய்க்க வேண்டியதே இல்லை.

இனி வைத்தியங்களுக்கு வருவோம்.

நிரப்பும் வழியில் எளியது எண்ணெய். தேங்காய் எண்ணெயோ டீசல் நனைத்த துணியோ தடவினால் கோடுகள் மறைவது மாயமல்ல. எண்ணெயின் ஒளிவிலகல் கிளியர்கோட்டினுடையதற்கு நெருக்கமாக இருப்பதால் பள்ளத்தின் விளிம்பில் ஒளி சிதறுவது குறைகிறது. ஒரு கழுவலில் போய்விடும், அதற்குள் தூசியையும் ஈர்த்துக்கொள்ளும். கார்னோபா மெழுகும், கிளேஸ் என்று விற்கும் நிரப்புப் பொருளும் இதே வேலையைச் சற்று நாகரிகமாகச் செய்கின்றன. சில வாரம் தாங்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விற்பவர் அதைச் சொல்லிவிட்டால். பழைய வண்டி வாங்க வருபவர்களுக்குத்தான் எச்சரிக்கை தேவை. கடை வாசலில் கண்ணைப் பறிக்கும் டேங்க்கில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். எண்ணெயும் மெழுகும் போனபின் தெரிவதுதான் அந்தப் பூச்சின் உண்மையான நிலை. கீறலை நீக்கிவிட்டேன் என்று சொல்லும் கடைக்காரரின் வேலையையும் இதே வழியில் சோதிக்கலாம்.

பற்பசை வைத்தியம் இந்தியா முழுக்க இருக்கிறது. அது நிரப்புவதில்லை, தேய்க்கிறது. பற்பசையில் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ மென்மையான தேய்ப்புப் பொருளாக இருக்கிறது. மிக மெல்லிய மங்கலை அது சற்றுக் குறைக்கும். ஆனால் அந்தத் துகளின் அளவும் கூர்மையும் பல்லுக்காகத் தீர்மானிக்கப்பட்டவை, பெயிண்டுக்காக அல்ல. விரலால் அழுத்தித் தேய்க்கும் இடத்தில் மட்டும் வேலை செய்து, பளபளப்பான பரப்பின் நடுவே ஒரு மங்கல் தீவை விட்டுவிட்டுப் போகும். நல்ல பாலிஷ் சின்னக் குப்பியில் கிடைக்கும் இந்தக் காலத்தில் பற்பசைக்கு அவசியமில்லை என்பது என் தீர்ப்பு.

தேய்க்கும் வழிக்கு ஒரு வரலாறு உண்டு. 1921ல் 3எம் நிறுவனம், பிரான்சிஸ் ஓக்கி உருவாக்கிய, நனைத்துத் தேய்க்கும் தாளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர்ப் பெயிண்டர்களின் வாட்டர் பேப்பர் அதன் வாரிசு. உலர்ந்த தாளால் தேய்த்தபோது கார் கொட்டகைகளில் எழுந்த தூசி தொழிலாளிகளின் மூச்சில் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் அதைப் பிடித்து நிறுத்தியது. 1925ல் அதே நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ, இரண்டு நிறக் கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர்களின் சிரமத்தைப் பார்த்து மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். அதே பத்தாண்டில்தான் டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ லாக்கர் பரவியது. இந்தியாவில் ஸ்ப்ரே பெயிண்டுக்கே டூக்கோ என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த லாக்கர் காய்ந்ததும் மங்கலாகத்தான் நிற்கும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால்தான் பளபளக்கும். ஆகவே தேய்ப்பது அன்று பழுதுபார்ப்பு அல்ல, பெயிண்ட் அடிக்கும் வேலையின் கடைசிக் கட்டம். நிறமே மேல்பரப்பு வரை இருந்ததால், தேய்ந்தாலும் அடியில் அதே நிறம் இருந்தது.

பழக்கம் நீடித்தது, பூச்சு மாறிவிட்டது. இதுதான் இன்றைய தெருக்கடை ரப்பிங்கின் அடிப்படைச் சிக்கல். லாக்கரையும் எனாமலையும் தேய்த்துப் பழகிய கை, 40 மைக்ரான் கிளியர்கோட்டின் மேல் அதே அழுத்தத்தோடு, அதே முரட்டுக் காம்பவுண்டோடு இறங்குகிறது. கம்பளிப் பட்டை மாட்டிய ரோட்டரி மெஷின் டேங்க்கின் தட்டையான பகுதியில் அழகாக ஓடும். டேங்க்கின் முகட்டு வரிக்கு வரும்போது பாருங்கள். அழுத்தம் முழுவதும் ஒரு கோட்டில் விழுகிறது, சூடு ஏறுகிறது. பெயிண்ட் திரவமாக இருக்கும்போதே பரப்பு இழுவிசையால் விளிம்புகளிலிருந்து விலகி ஓடுவதால் ஏடு மிக மெலிந்திருக்கும் இடமும் அந்த விளிம்புதான். சில நொடியில் கிளியர்கோட் போய்ப் பேஸ்கோட் தெரியும். கடைக்காரர் துணியில் நிறம் ஏறியிருப்பதைப் பார்ப்பார். துணியை மடித்து மறுபக்கத்தால் துடைப்பார். பழைய எனாமல் அடித்த புல்லட்டில் துணியில் கறுப்பு ஏறுவது இயல்பு. கிளியர்கோட் வண்டியில் துணியில் நிறம் ஏறினால், அங்கே காப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அதனால் மோட்டார்சைக்கிளைப் பொறுத்தவரை நான் கைவேலையின் பக்கம். ஒரு காரில் மெஷின் இல்லாமல் முடியாது, பரப்பு பெரிது. மோட்டார்சைக்கிளில் பெயிண்ட் அடித்த பகுதியெல்லாம் சேர்ந்தாலும் இரண்டு கார்க் கதவுக்கு மிஞ்சாது, அதிலும் பாதி வளைவும் மூலையும். மெஷின் வேண்டும் என்பவர்கள் சுழன்றுகொண்டே அலையும் டூயல் ஆக்ஷன் மெஷினில் மூன்றங்குல ஸ்பாஞ்ச் பேட் மாட்டிக்கொள்ளலாம். அது சூட்டை ஓரிடத்தில் குவிப்பதில்லை. டிரில் மெஷினில் கம்பளி மாட்டித் தேய்ப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

கையால் செய்யும் முறையைச் சற்று விரித்தே சொல்கிறேன். வண்டி நிழலில், தகடு குளிர்ந்திருக்க வேண்டும். டெல்லி சப்தர்ஜங்கில் 2024 மே இறுதியில் 46.8 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளில் வெயிலில் நின்ற டேங்க்கைத் தொடவே முடியாது, காம்பவுண்ட் தடவிய உடனே காய்ந்து கட்டிப்போகும். அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச் மாதக் காலைகள் ஏற்றவை. முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு விரல்நுனியால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்பட்டால், கிளே பார் என்ற பசைக்கட்டியைச் சோப்புத் தண்ணீர் தெளித்து மெல்ல ஓட்டி ஒட்டிய துகள்களை எடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தைத் தவிர்த்தால் அந்தத் துகள்களே அடுத்த கீறலைப் போடும். பெட்ரோல் மூடி, ரப்பர் பேட், பேட்ஜ், முகட்டு வரி எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து எங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காம்பவுண்டில் தொடங்காதீர்கள். மென்மையான ஃபினிஷிங் பாலிஷைப் பட்டாணி அளவு ஸ்பாஞ்ச்சில் எடுத்து, உள்ளங்கை அகலப் பரப்பில் நேர்கோடாகவும் குறுக்குக்கோடாகவும் மிதமாகத் தேய்த்து, துடைத்து, ஆல்கஹால் கலவையால் எண்ணெயை எடுத்து, டார்ச்சில் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் குறைந்திருந்தால் அதுவே போதும். குறையவில்லை என்றால்தான் ஒரு படி முரடான பாலிஷ். நவீனக் காம்பவுண்டுகளில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. சில வகைகளில் துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகும். அவற்றைப் பாதியில் துடைத்துவிட்டால் புதிய மங்கல் மிஞ்சும். சில வகைகளில் துகள் உடைவதில்லை. அவற்றில் அதிக நேரம் தேய்ப்பதால் கிளியர்கோட்தான் குறையும். புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் தொடங்கக் கூடாது. 2000, 3000 எண் வாட்டர் பேப்பர் ஒரு தனிக் கீறலின் மேல், பூச்சின் தடிமனைக் காட்டும் அளவுமானி கையில் உள்ள, பழகிய ஆள் பயன்படுத்த வேண்டியது. அந்த அளவுமானியும் இரும்பு, அலுமினியத் தகட்டில்தான் படிக்கும். இன்றைய வண்டிகளின் பிளாஸ்டிக் பேனலில் சாதாரண அளவுமானி வேலை செய்யாது. அங்கே கண்ணும் நிதானமும்தான் அளவு.

பாலிஷே ஆகாத பரப்புகள் மூன்று. முதலாவது மேட் ஃபினிஷ். ராயல் என்ஃபீல்டின் டெசர்ட் ஸ்டார்ம் போன்ற மங்கல் நிறங்கள் வந்தபின் டெல்லித் தெருக்களில் இவை நிறைய. மேட் என்பது மேடு பள்ளம் நுணுக்கமாக நிறைந்த பரப்பு. ஒளியைச் சிதறடிப்பதே அதன் அழகு. தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்து வழுக்கைபோல் நிற்கும், திரும்பி மங்கலாக்க வழியில்லை. மெழுகும் வேண்டாம். இரண்டாவது ஸ்டிக்கர். ஹீரோ ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் டேங்க்கின் கோலமே ஸ்டிக்கர்தான். அதன் விளிம்பு நகத்தில் தட்டினால் அது கிளியர்கோட்டுக்கு மேலே இருக்கிறது. பாலிஷ் அதன் ஓரத்தில் நுழைந்து தூக்கிவிடும். மூன்றாவது, புல்லட் டேங்க்கின் பொன்கோடு. சென்னை ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் கிஷோர், ஜெயக்குமார் என்ற சகோதரர்கள் தூரிகை பிடித்து ஒரே மூச்சில் அந்தக் கோட்டை இழுப்பதை நிறுவனமே பெருமையோடு காட்டிவருகிறது. அப்படிப்பட்ட கோட்டின் மேல் கிளியர்கோட் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் காம்பவுண்டைக் கொண்டுபோவது, ஒருவரின் கைவேலையை அரை மணி நேரத்தில் அழிப்பதாகும். கோட்டுக்கு இருபுறமும் டேப் ஒட்டி விலகியே தேய்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பதிலாகக் கீறலே விழாமல் பூசிவிடலாமே என்பது இப்போதைய பெரிய வியாபாரம். செராமிக் கோட்டிங் விற்பவர்கள் 9ஹெச் கடினத்தன்மை என்று சொல்கிறார்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் எண். 9ஹெச் பென்சில் கீறாது என்பது அதன் பொருள். குவார்ட்ஸ் மணல் கீறாது என்பதல்ல. அந்தப் பூச்சின் தடிமனும் பொதுவாக ஓரிரு மைக்ரான்தான். நீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் விடும், அதனால் தேய்க்கும் தேவை குறையும். அந்த அளவுக்கு நன்மை உண்மை. கீறல் விழாது என்ற பேச்சு உண்மையல்ல. பூசும் முன் பாலிஷ் போட வேண்டியிருப்பதால், கிளியர்கோட்டில் ஒரு பங்கு அப்போதே போய்விடுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பி.பி.எஃப். என்ற பாலியூரித்தேன் படலம் வேறு விஷயம். 150 முதல் 200 மைக்ரான் தடிமனில் அது தானே அடியை வாங்கிக்கொள்கிறது. வெயில் பட்டால் மெல்லிய கோடுகள் தாமாகவே மூடிக்கொள்ளும் வகைகளும் உண்டு. விலை அதிகம், வளைவுகளில் ஒட்டுவது கடினம். முழு வண்டிக்கும் தேவையில்லை. டேங்க்கின் பின்முனை, மூடியைச் சுற்றிய பகுதி, முழங்கால் படும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் வெட்டி ஒட்டினால் கொடுத்த காசுக்கு நியாயம் கிடைக்கும்.

தானே ஆறும் பெயிண்டும் வந்திருக்கிறது. நிஸான் 2005ல் ஸ்க்ராட்ச் ஷீல்டு என்ற கிளியர்கோட்டை அறிவித்தது. கவாஸாகி தன் நிஞ்ஜா ஹெச்2 வரிசையின் 2019 மாடல்களில் இப்படியொரு பூச்சைத் தந்தது. மென்மையான இணைப்புகள் கலந்த அந்த ஏடு நசுங்கினால் மெல்ல எழுந்துகொள்ளும். சில நேரம் வாரத்துக்கு மேல் ஆகும். சாவி, நாணயம், ஜிப் போட்ட கோடுகள் ஆறாது என்று கவாஸாகியே சொல்கிறது. டெல்லி டேங்க்குகளின் பாதித் துன்பம் அந்த மூன்றிலிருந்துதான்.

ஆகவே என் முடிவு இப்படிப் போகிறது. வண்டிக்கு முதலில் வேண்டியது கழுவும் முறை. உலர்ந்த துணி டேங்க்கைத் தொடவே கூடாது. 2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியபோது, குழாயைத் திறந்துவிட்டு வண்டி கழுவினால் 2,000 ரூபாய் அபராதம் என்று டெல்லி அரசு உத்தரவிட்டது. குழாய் வேண்டியதில்லை. இரண்டு வாளி, மொத்தம் பத்து லிட்டர் தண்ணீர் போதும். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணி அலசும் நீர். ஈரமாக்கித் தூசியை ஊறவிட்டு, தடிமனான மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழே, அழுத்தாமல், ஒவ்வொரு இழுப்புக்கும் மடிப்பை மாற்றித் துடைக்க வேண்டும். சக்கரத்துக்கும் செயினுக்கும் வேறு துணி. அவசரத்துக்கு ஒரு ஸ்ப்ரே புட்டியில் ஷாம்பு கலந்த தண்ணீர் போதும். அலுவலகத்துக்குப் போகும் அவசரத்தில் அதுவும் முடியாதென்றால் தூசியோடே ஓட்டிப் போங்கள். தூசி படிந்த டேங்க்குக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்து, இருக்கிற கீறலில் பாதியைப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்ற எல்லையை உச்ச நீதிமன்றம் 2018ல் வலியுறுத்தியது. அதை அமல்படுத்துவது குறித்து 2025ல் மீண்டும் வழக்காடல் நடந்தது. எப்படி முடிந்தாலும், ஒரு கிளியர்கோட் அத்தனை கோடைகளையும் தாங்க வேண்டும். முதல் மூன்று ஆண்டிலேயே அதைத் தேய்த்துத் தீர்ப்பது நியாயமல்ல. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மென்மையான பாலிஷ், இடையில் மெழுகு, இதற்கு மேல் வேண்டாம். வண்டியை விற்பதற்கு முன் ஒருமுறை முழு பாலிஷ் போடுவது பலரின் யோசனை. வாங்குபவருக்கு மெலிந்த ஏட்டைக் கைமாற்றும் வேலை அது, எனக்கு உடன்பாடில்லை. இன்சூரன்ஸில் கோரலாம் என்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஒரு கீறலுக்காக அது பூஜ்யத்துக்குத் திரும்பும்.

கிளியர்கோட் உண்மையிலேயே தீர்ந்துவிட்டால், கழற்றிப் புதிதாக அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதே நிறம் என்றால் சிக்கலில்லை. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். இங்கேதான் கீறலைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஹார்டனர் கலந்து அடிக்கும், நிலைத்து நிற்கும் டூ-கே கிளியர்கோட்டில், அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அதைச் சுவாசிப்பது தொழில்வழி ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு முட்டும், அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். டென்டிங்-பெயின்டிங் கடைகளில் பையன்கள் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன் பிடிப்பதை டெல்லியில் எங்கும் பார்க்கலாம். கைக்குட்டையும் மருந்துக்கடை முகமூடியும் அந்த ஆவியைத் தடுப்பதில்லை. கரிம ஆவி வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடியாவது வேண்டும். வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி அதைவிட நல்லது. நூறாண்டுக்கு முன் தேய்ப்புத் தூசிக்கு நனைக்கும் தாள் வந்தது. அடிக்கும் பெயிண்டின் ஆவிக்கு உரிய கவசம் எப்போதோ வந்துவிட்டது, அது இந்தக் கடைகளுக்குத்தான் வந்து சேரவில்லை. டேங்க்கைப் புதிதாக அடிக்கக் கொடுக்கும்போது நிறத்தையும் விலையையும் பேசுவதற்கு முன், அடிக்கப்போகும் பையனுக்கு அந்த முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒன்றை வாங்கிக்கொடுத்துவிட்டு வண்டியை விடுங்கள்.